ஏழாவது தேக்கு

ஆரியங்காவு விடுதிக் கூரையைப் பிரித்தோம்.
புஷ்கரன் ஆசாரிக்கு அது கழுக்கோல்,
முப்பிடாதிக்குக் கைமரம்,
பில் எழுதும் எனக்கு உருப்படி.
சுண்ணாம்பில் எண் போட்டு அடுக்கியதில்
நூற்றுப் பதினாறு.
கரையான் தின்றது ஏழு. ஏழு தேக்கு வாங்கினேன்.

புல் புளியரையிலிருந்து வந்தது.
செக்போஸ்ட்டில் கட்டுக்கட்டாகக் குத்திப் பார்த்தார்கள்,
உள்ளே ரேஷன் அரிசி இருக்குமென்று.
லாரி நின்ற நேரத்தில் மழை முந்திக்கொண்டது.
நனைந்த புல்லை
டைனிங் ஹாலில், பியானோ மேலெல்லாம்
விரித்துக் காயவைத்தாள் முப்பிடாதி.

கூரை ஏறிய அன்று
முற்றத்தில் ஒன்று மிச்சம்.
எண் இல்லை. கரையான் தொடவில்லை.
மேலே எண்ணினால் சரியாக இருக்கிறது.

பரணிலிருந்து இறக்கியது என்றார் ஆசாரி.
முதலில் கட்டியவன்
ஒன்று கூடுதலாக அறுத்து வைத்திருக்கிறான்,
நூறு வருஷம் கழித்து வரும்
கரையானுக்கு.

ஏழாவது தேக்கின் காசு
கணக்கில் இன்னும் இடிக்கிறது.