வீடு பார்க்கப் போன நாள்

லத்தேரி தாண்டி, கிணற்றின்மேல் சாய்ந்த ஈச்சமரம்.
மட்டை நுனியில் பாதிக் கூடு.
அதில் தலைகீழாய்த் தொங்கிச் சிறகடித்துக் கத்துகிறது
நேற்றுதான் மஞ்சள் பூசிக்கொண்டதுபோல்
ஒரு தூக்கணாங்குருவி.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம்
இளம்பரிதி டைல்ஸைத் தட்டிக் காட்டுகிறார்.
"எல்லாம் பாலாத்து மணலுங்க,
எம்-சாண்டே கலக்கல."
மாமா தூணைத் தடவினார்.
பெரியம்மா குழாயைத் திறந்து மூடினாள்.

பெட்டை வந்தது. நிறமேயில்லாத சின்னது.
மஞ்சளை ஏறிட்டும் பார்க்கவில்லை;
அலகால் ஒரு நாரைப் பிடித்து
இழுத்தது. இன்னுமொரு இழுப்பு.
உள்ளே நுழைந்தது, வெளியே வந்தது,
பறந்துவிட்டது.
அவன் கத்தலை நிறுத்தவில்லை.

பக்கத்து மட்டையில்
முடிந்த கூடொன்று, நீளமாய் வாசல் வைத்தது.
உள்ளே போன ஒருத்தி வெளியே வரக் காணோம்.
கட்டியவன் இரண்டு முழம் தள்ளி
அடுத்ததற்கு
முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

காபி வந்தது.
"பொண்ணு ஏதாவது கேக்கணுமாம்மா?"

வரும்போதே பார்த்திருந்தேன்,
மொட்டைமாடியில் நாலு மூலையிலும்
வானத்தைப் பார்த்துத் துருவேறி
நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளை.

"மேல ஒண்ணு கட்டப் போறீங்களே,"
என்றேன், "அது யாருக்கு?"