நாலு வெள்ளி முத்திரை

லூனாஸ் பெரிய சாலையில்
சைக்கிள் கடைக்கு மேல்மாடி எங்கள் ஆபிஸ்.
சொன்னது உண்மையா என்று இங்கே யாரும் கேட்பதில்லை.
சொன்னவர் இவர்தான் என்பதற்கு மட்டும்
முத்திரை.

மேஜர் சூசைராஜ் வருவது இது நான்காம் முறை.
பெட்டி போட்ட சட்டை, செம்பனை மண் அப்பிய சப்பாத்து.
எழுபத்து நான்கில், எல்லைக் காட்டில்,
இந்த உலகத்தில் செய்யாத ஒன்றைத்
தூக்கிவந்து ஒப்படைத்ததாக அவர் சொல்லச் சொல்ல
நான் தட்டுகிறேன்.
ஆணி இல்லை, ஒட்டு இல்லை.
சூடேற்றினால் குளிர்ந்ததாம்.
அதில் கழற்றியதைப் பார்த்துத்தான்
இருட்டில் தெரியும் கண்ணாடியே செய்தார்களாம்.
எந்தக் கம்பெனி என்றால்
தொண்டையைச் செருமுவார்.

முதல் பிரதியில் எட்டடி அகலம்.
போன தீபாவளிக்கு முன் பன்னிரண்டு.
இன்று, "லாரியில ஏறல என்று போடும்மா."
போட்டேன்.
பட்டாளத்துப் பதிவேட்டின்படி
அந்த மாதம் முழுக்க அவர் தைப்பிங் கிடங்கில்
கம்பளி எண்ணிக்கொண்டிருந்தார்.
பதிவேட்டைத் திருத்திவிட்டார்கள் என்பது
ஏழாவது பத்தி.

செவ்வாய்க்கிழமை கார்ப்பரல் எத்திராஜன் வந்தார்,
மறுத்துப் பிரமாணம் செய்ய.
ஆலையில் ஒரு விரல் போனவர்;
மீதி நான்கும் மேசைமேல் ஆடின.
"அது விமானத்து எண்ணெய்த் தொட்டி.
பாதியை வெட்டி கம்பத்து ஆளுக்குக் கொடுத்தோம்,
மாட்டுக்குத் தண்ணி வைக்க.
மேஜர் அந்தப் பக்கமே வரல."
அதே தாள். அதே முத்திரை. நாலு வெள்ளி.

நடுவில் ஒருத்தி வந்துபோனாள்.
பிறந்த தோட்டம் இன்று வீடமைப்புத் திட்டம்.
தான் பிறந்ததற்கு
இரண்டு சாட்சி தேடி அலைகிறாள்.
அவள் தாளைத்தான் மூன்று முறை
திருப்பி அனுப்பினார்கள்.

சாயங்காலம் கோப்பில் சேர்க்கும்போது கண்ணில் பட்டது.
மேஜர், நான்கு பிரதியிலும், ஒரு சொல் மாறாமல்:
அதன்பின் மூன்று இரவு தவளை கத்தவில்லை.
கார்ப்பரல், கடைசி வரியில், யாரும் கேட்காமலே:
மழை பெய்தும் மூணு ராத்திரி தவளைச் சத்தம் இல்ல,
அது வேற விஷயம்.

இருவரும் முகம் பார்த்து முப்பது வருடம்.

யாரிடமும் சொல்லவில்லை. என் வேலை தட்டுவது.
பூட்டிவிட்டுக் கீழே இறங்கினேன்.
கால்வாய் நிறைய மழைத் தண்ணீர்.
ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்த பிறகும்
நிறுத்தத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.
பஸ் வந்தது.
ஏறவில்லை.