பெட்டியில் போட்டிருப்பதற்கு மேல்

பெட்டியில் மூன்று புள்ளி ஆறு என்று போட்டிருந்தது.
அதுவரை கம்பெனி பொறுப்பு,
அதற்கு மேல் உன் பாடு.

சாயிநாதபுரத்தில் மூன்றாவது மாடி,
தலைக்கு மேல் தகரம், மே மாதம்.
பகலெல்லாம் வெயில் குடித்த சுவர்
ராத்திரி இரண்டு மணிக்குத்தான் கொஞ்சம் இறங்கிவரும்.
அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து எழுகிறேன்.
பழைய பசையைத் துடைத்து
பட்டாணி அளவு புதுசு வைத்து
விசிறியை அமர்த்தி நான்கு திருகாணி,
மூலைக்கு மூலை மாற்றி மாற்றி.
மூன்று புள்ளி எட்டு: எழுந்தது.
நான்கு: எழுந்தது.
நான்கு புள்ளி மூன்று: நீலத் திரை.
வோல்ட்டை ஒரு சிட்டிகை கூட்டினேன்.
எழுந்தது.

"எதுக்குடி?" என்றாள் குமுதவல்லி,
வார்டு நர்ஸ், டீயை ஊதிக்கொண்டே.
கேம் ஆடுவியா? இல்லை.
கல்யாண வீடியோ வெட்டி ஒட்டி சைடுல காசு?
அதுவும் இல்லை.
அப்புறம்?
பை என்று ஓர் எண், மூன்று புள்ளி ஒன்று நான்கு;
அதன் மூன்று கோடி இலக்கங்களைக் கணக்குப் போடச் சொல்வேன்.
போட்டு முடித்ததும் அழித்துவிடுவேன்.
எத்தனை நிமிஷம் பிடித்தது என்பது மட்டும் நோட்டில்.
அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு
என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவளிடம் சொல்லத் தெரியவில்லை.
ஒரே தகட்டில் அறுத்தெடுத்த சில்லுகள்தான்,
ஒன்று ஐந்தைத் தொடும்,
ஒட்டிப் பிறந்தது நான்கிலேயே மூச்சு முட்டும்.
எது எது என்று உட்கார்ந்து பார்க்க யாருக்கு நேரம்?
எல்லாம் தாங்குகிற ஓர் எண்ணை அச்சடித்து
மூடிவிடுகிறார்கள்.
எனக்கும் ஒன்று அச்சடித்தார்கள்,
பாலிடெக்னிக்கில், அறுபத்தெட்டு சதவீதம்.
பதினோரு வருஷமாக அந்த வேகத்தில்தான் ஓடுகிறேன்.
சூடானதே இல்லை.

வீட்டுக்காரர் முனிரத்தினத்துக்குக் கவலை சப்-மீட்டர்.
"ஏம்மா, வேலூர் வெயில் பத்தலைன்னு
ரூமுக்குள்ள அடுப்பு வேற வச்சிருக்கியா?"
நியாயம்தான்.
சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில் தொண்ணூற்றொரு டிகிரி.
மத்தியானப் பாலாற்று மணல்கூட
அவ்வளவு கோபப்படாது.

நேற்று நான்கு புள்ளி ஏழு.
பதினொரு நிமிடம் நின்றது.
கன்டோன்மென்ட் பக்கம் கூட்ஸ் வண்டி போனது,
தெருநாய் ஒன்று எதற்கோ பதில் சொன்னது,
அது நின்றுகொண்டே இருந்தது.
பிறகு திரை உறைந்தது,
அம்புக்குறி பாதி வழியில்.
நோட்டில் எழுதினேன்:
அறை முப்பத்திரண்டு. ஒன்று புள்ளி மூன்று எட்டு. விழுந்தது.
எழுதும்போது எனக்குச் சிரிப்பு.

ஆஸ்பத்திரியில் என் வேலை இதற்கு நேர்மாறு.
இதயம் பார்க்கும் மானிட்டர்களுக்கு எல்லை போடுவேன்,
கீழே ஐம்பது, மேலே நூற்றிருபது.
தாண்டினால் கத்த வேண்டும்.
கத்துகிறதா என்று பார்க்கத்தான் சம்பளம்.

இன்று காலை ஏழாம் கட்டில்காரர்,
குடியாத்தம், லாரி டிரைவர்,
நெஞ்சில் ஒட்டிய ஒயரோடு, யாரையும் கேட்காமல்
வராந்தாவின் கடைசி ஜன்னல்வரை நடந்துவிட்டார்.
நூற்றுப் பதினெட்டு.
நூற்று இருபத்தாறு. கத்தியது.
குமுதவல்லி ஓடினாள்.
நூற்று முப்பத்தொன்று.
நான் அவரைப் பார்க்கவில்லை.
திரையைப் பார்த்தபடி நின்றேன்,
உள்ளே ஒரு குரல்,
என் குரல்தான்,
இன்னும் கொஞ்சம் என்றது.

"எதுக்கு எழுந்தீங்க?"
"இங்கேர்ந்து கோட்டை தெரியுதான்னு பாக்கலாம்னு."
"தெரிஞ்சுதா?"
"பாதி."
சட்டையெல்லாம் வியர்வை, பேச்சுக்கு நடுவே இரைப்பு.
முகம் மட்டும் எனக்குப் பழக்கமான முகம்;
ராத்திரி இரண்டு மணிக்கு அணைந்த திரையில்
அதைப் பார்த்திருக்கிறேன்.

சத்தத்தை நிறுத்தியது நான்தான்.
எல்லையை மாற்றவில்லை.

மூன்று புள்ளி ஆறுக்கே இறக்கிவிடலாம் என்றிருக்கிறேன்.
மீட்டருக்கும் நல்லது, முனிரத்தினத்துக்கும் நல்லது.
நான்கு புள்ளி ஆறு ஐந்தை மட்டும்
இன்னும் பார்க்கவில்லை.