செருப்புகளின் வரிசை

விடியற்காலை நாலரை.
ரோய் எட் அரசு மருத்துவமனை வாசலில்
மனிதர்களுக்கு முன்பே
செருப்புகள் வந்து நிற்கின்றன.
வார் அறுந்து ஊக்கு குத்திய ஒன்று.
வயல் சேறு காய்ந்த ரப்பர் ஜோடி.
வெள்ளையாய் ஒரு பள்ளிக்கூடக் காலணி,
அதன் இணையைக் காணோம்.
உரியவர்கள் சுவரோரம் சாய்ந்து
கோழித்தூக்கம் தூங்குகிறார்கள்.

என்னுடையதையும் கழற்றிக் கடைசியில் வைத்தேன்.
கறுப்புத் தோல், மூன்று அங்குலக் குதிகால்.
பாங்காக் மாநாட்டில்
அந்த ஆண்டு அதிகப் பாலிசி பிடித்ததற்காக
மேடையேறியது இதில்தான்.

என் பெயர் ஜின்தனா.
பதினோரு வருடமாக
மருத்துவக் காப்பீடு விற்கிறேன்.
எப்படி விற்கிறேன் என்று சொல்கிறேன்:
இந்த வாசலைப் படமெடுத்து வைத்திருக்கிறேன்,
இதே செருப்புகளை.
போனை மேசையில் திருப்பி வைத்துவிட்டு
ஒரு மிடறு தேநீர் குடிப்பேன்.
"உங்கள் அம்மாவை இங்கேயா நிற்கவைப்பீர்கள்?"
அவ்வளவுதான்.
பேனாவை அவர்களே கேட்பார்கள்.

அடுத்த படம் தனியார் மருத்துவமனை.
வரவேற்பறையில் பியானோ,
கட்டிலுக்கு எதிரே பெரிய ஜன்னல்,
மூன்று வகைச் சூப்.
அதில் பொய் ஒன்றும் இல்லை.
சூப் உண்மையிலேயே நன்றாக இருக்கும்.

நான் விற்ற முதல் பாலிசி
தம்பி புன்லெர்ட்டுக்கு.
லாரி ஓட்டுகிறவன், தாகம் அதிகம்,
இரவில் நாலு தடவை வண்டியை ஓரம் கட்டுவான்.
'சர்க்கரை உண்டா' என்ற கட்டத்தில்
'இல்லை' என்று டிக் அடித்தது
அவனா நானா என்பதை
நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

சிறுநீரகம் போன அன்று
கம்பெனி மூன்று பக்கக் கடிதம் அனுப்பியது.
பணிவான கடிதம்.
ஒரு வரிகூட எனக்குப் புதிதில்லை;
எத்தனையோ வீடுகளுக்கு
நானே கொண்டுபோய்க் கொடுத்த வரிகள்.

இப்போது அவனைத் தாங்குவது தங்க அட்டை.
முப்பது பாட். ஒரு தட்டு நூடுல்ஸுக்குக் காணாத காசு.
மாதம் ஒருமுறை தபால்காரர்
பெட்டி பெட்டியாய்த் தண்ணீர் இறக்கிவைக்கிறார்.
வயிற்றுக்குள் விட்டு, காத்திருந்து, வெளியே எடுக்கும் தண்ணீர்.
பில் இல்லை. கையெழுத்து மட்டும்.
லாரியில் சரக்கு ஏற்றியவன்
பெட்டிகளைத் தடவி எண்ணிக்கொள்கிறான்.

இதைச் சொல்வதால்
இந்த வாசல் சொர்க்கமாகிவிடாது.
ஐந்து மணி நேரம் நின்றால் மூன்று நிமிடம் டாக்டர்.
போன முறை அந்தப் பெண்
கொட்டாவியை முகமூடிக்குள் மறைத்தாள்.
இரண்டு இரவாகத் தூங்கவில்லையாம்.
தம்பியின் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டாள்,
மருந்தைச் சரியாக எழுதினாள்.

"ஜின்தனாதானே?"
திரும்பினால் வொரவித்.
ஏழு வருடத்துக்கு முன்
படத்தைப் பார்த்ததும் பேனா கேட்டவர்.
"அறுபதில் பிரீமியம் ஏறியது,
அறுபத்தைந்தில் பறந்தது, விட்டுவிட்டேன்," என்றார்.
கோபம் இருந்திருந்தால்
ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.
மூங்கில் கூடையைத் திறந்து
ஒரு பிடி ஒட்டரிசி நீட்டினார்.
சூடாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

கதவு திறந்தது. சுவரோரம் எல்லோரும் எழுந்தார்கள்.
வரிசை நகர்ந்தபோது
தன் செருப்பைக் காலால் தள்ளிய வொரவித்
என்னுடையதையும் சேர்த்தே தள்ளினார்,
பார்க்காமலே,
பழக்கப்பட்ட கால்.

மதியம் இரண்டு மணிக்கு ஒரு தம்பதி வருகிறார்கள்,
கல்யாணமாகி நாலு மாதம்.
படிவங்கள் பைக்குள் இருக்கின்றன.
விற்காமலும் இருக்க முடியாது;
மகளின் பள்ளிக் கட்டணம் இந்த வெள்ளிக்கிழமை.
அந்தக் கட்டத்தை மட்டும்
இன்று உரக்கப் படிக்க வேண்டும்,
இரண்டு தடவை.

செருப்பை மாட்டினேன்.
உள்ளே நறநறவென்று
யார் வயலின் மண்ணோ.