வலப்பக்கம்

வொர்லியிலிருந்து வந்த வண்டி.
பதினோரு வருஷம், ஒரே கை என்றார் தரகர் இர்ஃபான்.

இடப்பக்க ஜன்னல் பட்டி
ஈரத்துணிக்கே மினுங்கிவிட்டது.
வலப்பக்கம் கடலைப் பார்த்தே நின்றிருக்கிறது,
எந்த மழைக்கும் உறையில்லாமல்.
அம்மைத் தழும்பாய் உப்புப் புள்ளிகள்.

செம்பூரில், குழாயில் தண்ணீர் நிற்கும் முன்
ஃபிராங்கி சுற்றி வந்த வெள்ளித்தாளைக்
கசக்கி நனைத்துத் தேய்த்தேன்.
கறுப்பாய்ச் சேறு இறங்கியது.
வினிகர் ஊற்றுங்கள் மேடம், என்றார் வாட்ச்மேன்.
ஊற்றினேன். வண்டி ஊறுகாய் மணத்தது.
புள்ளி போன இடத்திலெல்லாம் குழி.
குழியைத் தேய்த்தால்
குழிதான் பளபளக்கும்.

ஓட்டுபவர் ஜன்னலடியில் மட்டும்
ஒரு சாண் நீளத்துக்குக்
கறையே இல்லை.
ராத்திரி உட்கார்ந்த உப்பை
யாரோ தினமும் முழங்கையால் துடைத்திருக்கிறார்,
ஹாஜி அலி சிக்னலில்,
மாஹிமில், நகராத பாலங்களில்,
துடைக்கிறோம் என்று தெரியாமலே.
இர்ஃபான் சொன்னது பொய்யில்லை:
ஒரே கை.

கண்ணாடியை இறக்கி நானும் வைத்துப் பார்த்தேன்.
குள்ளச்சி நான், இருக்கையை
முன்னே தள்ளியிருக்கிறேன்.
என் முழங்கை நாலு விரல் தள்ளி விழுகிறது,
சொரசொரப்பில்.

கொஞ்ச காலத்துக்கு
முழுக்கைச் சட்டைதான்.