ஊமைக் கட்டை

லெமுவெலின் டயர்க் கடைப் பின்னறையில்
மாதத்தின் முதல் வெள்ளி, நாங்கள் ஐந்து பேர்.
ஒரே ஒரு விதி:
ஊசி பள்ளத்தில் இறங்கும்வரை
யாரும் தன் தட்டைப் பற்றிப் பெருமை பேசக் கூடாது.
லெமுவெல் மட்டும் பேசுவார்.
விதியை எழுதியவரும் அவர்தான்.

பஃபலோவில் பிப்ரவரி.
கதவைத் திறக்க மண்வெட்டி தேவைப்பட்டது.

முதலில் ஸ்பிக்னியெவ் வைத்தான்.
அவன் மாமா க்டான்ஸ்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்த
ட்ராம்போன் கச்சேரி. பாதிக்கு மேல் இருமல்.
"இருமுவது சபையா, ட்ராம்போனா?" என்றேன்.
"அதைக் கண்டுபிடிக்கத்தான்
இருபது வருஷமாய்க் கேட்கிறேன்."

வினெட்டா ஒரு புல்லாங்குழல்காரியைக் கொண்டுவந்தாள்.
ஒரே ஒரு ஆல்பம், பிறகு பல் மருத்துவம்.
வினெட்டாவின் கடைவாயில்
அந்தக் கை அடைத்த வெள்ளி இன்னும் இருக்கிறது.
"இரண்டு வேலையும் சுத்தம்" என்று
வாயைத் திறந்தே காட்டினாள்.

லெமுவெல் வைத்தது ஊரறிந்த தட்டு.
நாங்கள் கூரையைப் பார்த்தோம்.
"பிரபலமானது அதன் குற்றமா?" என்றார்.
நாலாவது நிமிடத்தில் சாக்ஸபோன்
மூச்சை விட்டு, எடுக்காமல், அப்படியே நிற்கும் இடம் வந்தது.
கூரையைப் பார்ப்பதை நிறுத்தினோம்.

ஒடெஸா கடைசி.
நகராட்சியின் பனிவாரி வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு
கம்பளிக் கோட்டைத் தட்டுக்குப் போர்த்தி
தான் நடுங்கிக்கொண்டு வந்திருந்தாள்.
வெள்ளை உறை. படமில்லை.
பென்சிலில்: ஆல்ஃபோன்ஸ் டில்லி, பியானோ, செவ்வாய்.

டில்லி யாரென்று யாருக்கும் தெரியாது.
எஃகு ஆலையில் இரண்டாம் ஷிஃப்ட் என்றாள் ஒடெஸா,
ஏலத்தில் விற்றவன் சொன்னதாம்.
இடது கை கனமாய், சரக்கு ரயில் போல.
வலது கை ஒரு சுரத்தை நோக்கி ஓடிவரும்,
வாசற்படி வரை வரும்,
சட்டென்று பக்கத்து வீட்டுக்குள் போய்விடும்.
பாட்டுக்குப் பாட்டு, இரண்டு பக்கமும் அப்படியே.
நடு ஸ்தாயியில் அந்த ஈ-ஃப்ளாட்டை அவர் தொடவே இல்லை.

"மௌனத்தை வாசிக்கிறார்" என்றார் லெமுவெல்.
"துக்கம்" என்றாள் வினெட்டா.
"தொழிற்சங்கம்" என்றான் ஸ்பிக்னியெவ்.
நான் பியானோவுக்குச் சுருதி சேர்த்துப் பிழைப்பவன்.
"கட்டை செத்திருக்கிறது" என்றேன்.
அறையில் என்னை யாருக்கும் பிடிக்காமல் போனது.

ஆனால் அந்தப் பியானோவை எனக்குத் தெரியும்.
கிளிண்டன் தெருவில், பந்து உருட்டும் கூடம்.
ஏழு வருஷம் முன்பு கூப்பிட்டார்கள்,
நாற்பது டாலர் என்றேன், கும்பிடு போட்டு அனுப்பினார்கள்.
மூடியைக்கூடத் திறக்க விடவில்லை.

பனிவாரி முன்னே, எங்கள் கார் பின்னே.
இரவு பதினொன்றரைக்கு
எங்களுக்காகவே ஒரு சாலை உண்டாகிக்கொண்டு போனது.

பரிசுக் கோப்பைகளுக்கு அடியில் அது நின்றது.
ஈ-ஃப்ளாட்டை அழுத்தினேன்.
டொக்.
மேசையைத் தட்டியது போல.
வெற்றிப் பார்வையோடு மூடியைத் திறந்தேன்.
கம்பி நன்றாக இருந்தது. சுத்தியும்.
இரண்டுக்கும் நடுவே
நாலாய் மடித்த ஒரு தீப்பெட்டி அட்டை.

யாரோ வைத்தது.
டில்லியா, யாராவது பையனா,
பந்து உருட்டுகிறவன் எவனாவது எரிச்சலிலா?
லெமுவெல் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் ஒன்றும் சொல்லாததை
முதன்முறையாகக் கேட்டேன்.

அட்டையை உருவினேன். கட்டை பேசியது,
மற்ற எண்பத்தேழைப் போலவே,
குறையொன்றுமில்லாமல்.
ஐந்து பேருக்கும் முகம் விழுந்தது.

அதே மடிப்பில் திரும்பச் செருகினேன்.
வெளியே ஒடெஸா ஹாரனை அடித்தாள்.
அவளுக்கு இன்னும் பதினாலு தெரு பாக்கி.