காது அறுந்த நாய்

இருபத்தோராம் நாள் வந்தது கடிதம்.
ஐம்பத்தாறு ஏ.பி.ஓ. என்று முத்திரை.
எழுதிய இடம் மன்னார்.
நேரே கடலைத் தாண்டினால்
மத்தியானச் சோற்றுக்குள் வந்திருக்கலாம்.
அது வடக்கே எங்கோ போய்
யார் யாரோ கைபட்டு
ரயிலேறி
பாம்பன் பாலத்தில் ஆடி ஆடி வந்திருக்கிறது.

மூன்று வரிகளில் கறுப்பு மை.
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்,
'கிணறு' மட்டும் தெரிந்தது.
மிச்சத்தில் மழை, கால் இடுக்கில் சேற்றுப்புண்,
சின்னவனுக்குப் பல் விழுந்துச்சா,
சீட்டுப் பணத்தை லூர்தம்மாளிடம் கட்டினாயா.
பிறகு ஒரு நாய்.
"காது அறுந்த செவலை.
பகலெல்லாம் எங்க மணல் மூட்டைகிட்டயே கெடக்கு, ரொசாலி.
ராத்திரி ஆனா காணோம். விடியக்காலம் வந்துருது.
எனக்குக் குடுக்குற பிஸ்கட்டுல பாதி அதுக்குத்தான்."

மண்டபம் இறால் கம்பெனியில்
எனக்கு வலப்பக்கம் யோகமலர்.
முகாம் பதிவேட்டில் அவள் வீட்டில் மூன்று பேர்.
நாலாவது ஆளை அவள் சொன்னதில்லை,
நான் கேட்டதும் இல்லை.
தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து,
முதுகு நரம்பை ஒரே இழுப்பில் எடுப்பாள்.
ஐஸில் விரல் வெளுத்தாலும் பேச்சே வராது.

ஐப்பசியில் ஒருநாள்
கழிவுத் தொட்டிக்குப் பின்னால் கூப்பிட்டு
ஒரு சோப்பு உறையை என் கையில் திணித்தாள்.
"காம்புக்குள்ள செக்கிங், அக்கா.
உங்கட வீட்டில வச்சிருங்கோ.
ஆமிக்காரன்ட வீட்டில ஒருத்தரும் தேடமாட்டினம்."

படிக்கச் சொல்லவில்லை.
படித்தேன்.
உறையின் உட்புறம் பென்சில் எழுத்து. பெயர் இல்லை.
போன கிழமை போட்டது, வள்ளத்தில் ரெண்டே நாளில் வந்தது.
அம்மாவின் மூட்டுக்கு எண்ணெய் கிடைக்குதோ,
நான் சுகம், நல்லாச் சாப்பிடுறன்.
கீழே, இடம் போதாமல் நெருக்கி:
"இரவில ஒரு நாய் வரும். ஒரு காது இல்லை.
வாயில பிஸ்கட் மணக்கும்.
நாங்கள் அதுக்கு வச்ச பேர் சிப்பாய்."

அடுப்பில் உலை பொங்கி அணைந்தது.

இரண்டையும் ஒரே அரிசி டின்னில் வைத்தேன்,
நீலத்தின் மேல் மஞ்சள்.
பிறகு அன்று ராத்திரி வாசலில் உட்கார்ந்து
எங்கள் தெரு நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு நாய் ஒரு ராத்திரியில் எவ்வளவு தூரம் போய்வரும்?
அது ஐஸ் பிளாண்ட் வரை போனது.
கோயில் கொடிமரம் வரை போய்
காலைத் தூக்கிவிட்டுத் திரும்பியது.
அவ்வளவுதான்.
அவ்வளவு தூரம்தான்.

நாய் எங்கே போகுதுன்னு தெரியும் என்று எழுதினால்
இவர்கள் அதன் பின்னால் போவார்கள்.
எழுதாவிட்டால்
அவர்கள் ஒரு விடியலில் அதன் பின்னால் வருவார்கள்.
போகாதீங்க என்று எழுதினாலோ
அவர் கேட்காவிட்டாலும்
கறுப்பு மைக்காரன் கேட்பான், ஏன் என்று.

இரண்டு தாளைக் கிழித்தேன்.
மூன்றாவதில் எழுதினேன்:
"பல்லு விழுந்துருச்சு, கூரை மேல எறிஞ்சாச்சு.
சீட்டுப் பணம் கட்டிட்டேன்.
காலுக்கு மஞ்சள் வச்சுக்கட்டுங்க.
ராத்திரியில அந்த நாயைக் கட்டிப் போடுங்க.
மழையில நனையுது, பாவம்."

ஒன்பதாம் நாள்
யோகமலர் தானாகப் பேசினாள்.
தம்பியிடமிருந்து தகவல் வந்ததாம்.
"அது இப்ப வாறேல்லையாம், அக்கா. ஆறு நாளாம்.
ஒரு நாய்க்குப் போய் அழுகிறானாம், விசரன்."
சொல்லிவிட்டு
முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்,
விரலெல்லாம் இறால் வாடை.

நான் எண்ணிப் பார்த்தேன்.
போனது ஒன்பது நாள்.
என் கடிதம் இன்னும் வடக்கேதான் எங்கோ
யாரோ ஒருவர் மேசையில் இருக்கும்.

மறுபடி எண்ணினேன்.

"அக்கா," என்றாள் யோகமலர்,
என் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டி,
"நரம்பை விட்டிட்டியள்."